நீல ஆள்

கருப்பையா மேஸ்திரி "வீரப்பன்" என்று பேர் கூப்பிட்டார். சொக்கன் வாயைத் திறப்பதற்குள் யாரோ "இருக்கேன்" என்று சொல்லிவிட்டார்கள்.

திறந்த வாயை மூட மறந்து நின்றான் சொக்கன். மழைத்தண்ணீர் மூக்கு நுனியிலிருந்து வாய்க்குள் சொட்டியது. ரங்கூனில் ஆடி மாதத்து மழை நேரம் காலம் பார்ப்பதில்லை. அலோன் துறையில் விடிகிறதா அடைகிறதா என்று ஆற்றைப் பார்த்தால் தெரியாது, மேஸ்திரியின் அரிக்கேன் விளக்கைப் பார்த்தால்தான் தெரியும். சரக்குக் கிட்டங்கியின் தாழ்வாரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தடித்த பேர்ப் புத்தகத்தை முழங்காலில் விரித்திருந்தார் அவர். வெளியே மழையில் கூலிகளின் வரிசை, புத்தகத்தில் இருபத்தொரு பேர். மேஸ்திரி ஒருநாளும் தலையை நிமிர்த்துவதில்லை. முகம் எதற்கு அவருக்கு? குரல் போதும். ஒரு குரலுக்கு ஒரு கோடு.

அதனால்தான் அந்த வழக்கமே வந்தது. கூட்டத்தில் ஒருவன் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவன் அவன் பேருக்குக் குரல் கொடுப்பான். கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் மூக்கால், எப்படியோ. படுத்தவன் தூக்கவேண்டிய மூட்டைகளை மற்றவர்கள் பங்கு போட்டுத் தூக்கிவிடுவார்கள். நாளைக்கு நமக்கும் காய்ச்சல் வரும் அல்லவா.

தம்பி வீரப்பனுக்குக் காய்ச்சல் கண்டு ஒன்பது நாள் முடிந்திருந்தது. ஒன்பது நாளும் சொக்கன்தான் குரல் கொடுத்தான். பத்தாம் நாளான இன்று அவன் கொடுக்கவில்லை.

இடது பக்கம் செல்லக்கண்ணு நின்றான். வலது பக்கம் தம்பி நிற்கிற இடம் காலி. குரல் அந்தக் காலி இடத்திலிருந்துதான் வந்தது.

"மாப்ளே, நீயா குரல் குடுத்தே?" என்று செல்லக்கண்ணுவிடம் கிசுகிசுத்தான்.

"நானா? நீதானே குடுத்தே. இன்னிக்குத்தான் ஒழுங்காக் குடுத்தே, அப்படியே உன் தம்பி. மத்த நாளெல்லாம் ஆடு கத்துற மாதிரியில்ல கத்துவே. நாடகக் கம்பெனிக்குப் போயிரு, பிழைச்சுக்குவே."

"சொக்கன்!" என்றார் மேஸ்திரி.

"இருக்கேன்."

தன் குரல் தனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

போன மாதம் பழனியப்பன் சீதபேதியில் படுத்தபோது அவனுக்குக் குரல் கொடுக்க மறந்துபோனார்கள். மறந்தோம் என்று சொல்வது பொய். அன்றைக்கு ஆளாளுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. யாராவது கொடுப்பான் என்று எல்லோரும் சும்மா இருந்தார்கள். மூன்று நாள் கோடு விழவில்லை. மேஸ்திரி கூலிகள் தங்குகிற கொட்டடிக்கு வந்து, அவனைப் பாயோடு சுருட்டி ரோட்டோரம் வைக்கச் சொன்னார். சத்தம் போடவில்லை, கோபப்படவும் இல்லை. "ஓட்டைச் சாக்கை எவனாச்சும் உள்ளே வெச்சிருப்பானா?" என்றார், அவ்வளவுதான். பாயின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கியவன் சொக்கன். இரண்டு நாள் மழையில் கிடந்தான் பழனியப்பன். முனிசிபாலிட்டி வண்டி வந்து அள்ளியபோது பாய் தண்ணீரில் ஊறி அவனைவிடக் கனமாக இருந்தது.

என் தம்பி பாயை யார் பிடித்துத் தூக்குவான் என்று ஒன்பது நாளாகச் சொக்கன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லா முகமும் தூக்குகிற முகமாகத்தான் தெரிந்தது.

வரிசை கலைந்து துறையை நோக்கி நடந்தது. சொக்கன் மட்டும் ஒரு நொடி நின்று அந்தக் காலி இடத்தைப் பார்த்தான். சேறு. சேற்றில் மழைக்குமிழ்கள். நடுவில் இரண்டு பாத அளவுக்கு மழை விழாத இடம், காய்ந்து, வெளுத்து, அதன் மேல் ஒரு பிடி மணல்.

முந்தின நாள் பிற்பகலில் தான் செய்த காரியம் அவனுக்கு நினைவு வந்தது.

அன்று கப்பலிலிருந்து இறக்கும்போது சங்கிலி வழுக்கி ஒரு பெட்டி துறைப் பலகையில் விழுந்து ஓரம் பிளந்தது. ஆள் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய பெட்டி. யாரோ ஒரு துரை தன் பங்களாவுக்காக எகிப்திலிருந்து வரவழைத்தது. இரண்டு வருஷமாக அந்தத் தேசத்துப் பேச்சுத்தான் எங்கும். மண்ணுக்குள்ளிருந்து ஒரு சின்ன வயசு ராஜாவைத் தங்கத்தோடு தோண்டி எடுத்துவிட்டார்கள் என்று தேநீர்க் கடையில் பேப்பரை உரக்கப் படிப்பார்கள். இந்தப் பெட்டியில் தங்கம் இல்லை. வைக்கோல், வைக்கோலுக்குள் சாண் நீளத்துக்குப் பொம்மைகள். நூற்றுக்கணக்கில். எல்லாம் மயில்கழுத்து நீலம். எல்லாவற்றுக்கும் ஒரே முகம். துணியால் இறுகச் சுற்றிய உடம்பு, மார்பில் குறுக்கே மடக்கிய கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு குட்டி மண்வெட்டி, முதுகில் ஒரு குட்டிக் கூடை.

"மம்பட்டியும் கூடையுமா? ராஜா கல்லறையில இது எதுக்குடா?" என்றான் செல்லக்கண்ணு.

கப்பல் பளுவைத் தூக்கும் விஞ்சை ஓட்டுகிற அமீர் அலிக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது. கப்பலில் கரி அள்ளியவன் அவன். சண்டைக் காலத்தில் நோயில் விழுந்து எகிப்துக் கரையில் இறக்கிவிடப்பட்டு, வெள்ளைக்காரர்கள் தோண்டுகிற இடத்தில் ஒரு வருஷம் மண் கூடை சுமந்து பிழைத்தவன்.

"இது ராஜா இல்லப்பா, ராஜாவோட கூலி ஆளு," என்றான். "அந்தத் தேசத்துப் பிர்அவுன் ராஜாவுக்குச் செத்த பெறகும் வேலை விடாது. மறு உலகத்துலயும் வயக்காடு இருக்கு. வாய்க்கா வெட்டணும், கிழக்குக் கரை மணலை மேற்குக் கரைக்குச் சுமக்கணும். அங்கேயும் பேர் கூப்பிடுவாங்க. ராஜா எந்திரிப்பானா? அவன் பேரைக் கூப்பிட்டதும் இந்தப் பொம்மை எந்திரிச்சு, இந்தா இருக்கேன்னு குரல் குடுக்கும். போய் வேலையும் பார்க்கும். வருஷத்துல எத்தனை நாளோ அத்தனை பொம்மை."

"எல்லாம் அந்த ஒரு பயலுக்கா?"

"அவனுக்குத்தான். இந்தா பார், முட்டை மாதிரி ஒரு வளையம் இருக்கா? அதுக்குள்ளே இருக்கிறது ராஜா பேரு. பேர் யாருதோ, ஆள் அவனுக்கு."

செல்லக்கண்ணு வேறொன்றைத் தூக்கிக் காட்டினான். அதன் கையில் மண்வெட்டி இல்லை, சாட்டை இருந்தது. "இவன் யாரு பாய், பாவாடை கட்டிக்கிட்டு நிக்கிறான்?"

"பத்து ஆளுக்கு ஒரு மேஸ்திரி."

கூட்டமே சிரித்தது. "செத்தும் மேஸ்திரியா! நம்ம கருப்பையா அங்கே போயும் புத்தகத்தை விரிச்சிருவான்டா!"

சொக்கன் சிரிக்கவில்லை. அவனுக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று தொங்குவதுபோல் இருந்தது. குரல் கொடுக்க ஓர் ஆள், மூட்டை தூக்க ஓர் ஆள் என்பதற்குமேல் அவன் மூளையில் ஒன்றும் ஏறவில்லை. பிளந்த பெட்டியைக் கிட்டங்கி மூலையில் தள்ளி வைத்தபோது ஒரு பொம்மையை எடுத்து வேட்டி மடிப்பில் செருகினான். உப்புப் படிந்து அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் கூடவே வந்தது.

எழுத்து அவனுக்கு வந்தது முப்பது வயசுக்குமேல், துறைக் கூலிகள் சங்கத்துப் பள்ளியில், மூட்டை தூக்கித் தடித்த விரலுக்குள் பலப்பத்தைத் திணித்து. ஒரு வரி எழுதினால் கை மூட்டை தூக்கியதைவிட வலிக்கும். அன்று சாயங்காலம் கொட்டடியில், சாக்கு தைக்கிற கோணூசியை எடுத்து, வளையத்துக்குள் இருந்த பறவையையும் கண்ணையும் நீரலையையும் சுரண்டித் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வீரப்பன் என்று கீறினான். தம்பியின் தலைமாட்டில் வைத்தான்.

"காய்ச்சல் தீருற வரைக்கும் மட்டும்," என்றான் பொம்மையிடம். "நீ குரல் குடு. நீ தூக்கு."

முனியாண்டி கோயிலில் சீட்டு எழுதிக் கட்டுகிறவன் இதைவிட என்ன அதிகமாகச் செய்கிறான்?

அது கேட்டுக்கொண்டது.

குரல் கேட்ட முதல் நாள் அரிசி மூட்டை ஏற்றும்போதே சொக்கன் பார்த்தான். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போட்ட பலகையில் ஆள் நடக்க நடக்கப் பலகை வளைந்து நிமிரும். செல்லக்கண்ணு இறங்கியதும் சொக்கன் காலை வைப்பதற்கு முன், நடுவில் ஒருமுறை பலகை தானாக வளைந்து நிமிர்ந்தது. யாரும் சொல்லாமலேயே எல்லோரும் அந்த ஓர் ஆள் இடத்தை விட்டு நடந்தார்கள். இருபத்தொரு பேர் பங்கு இருபது பேரால் முடிந்தது, யார் முதுகிலும் ஒரு மூட்டை கூடவில்லை. "இன்னிக்கு மூட்டையெல்லாம் தக்கையா இருக்குடா," என்று செல்லக்கண்ணு பாடிக்கொண்டே போனான். கப்பலின் அடித்தளத்தில் அடுக்கியிருந்த மூட்டைகளைச் சொக்கன் தடவிப் பார்த்தான். தூக்கிய மூட்டையில் தூக்கியவனின் வியர்வை வட்டமாகப் படிந்திருக்கும். தலை பட்ட இடமும் தோள் பட்ட இடமும் கையை வைத்தால் தெரியும், எவன் மூட்டை எது என்று மோந்தே சொல்லிவிடலாம். வரிசைக்கு ஒரு மூட்டை காய்ந்து கிடந்தது. ஈரமே இல்லை. தடவினால் கையில் மணல் ஒட்டியது.

ஆனால் தம்பிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டிருந்தது. அது போதாதா? சாயங்காலம் ஓடிப்போய் நெற்றியில் கை வைத்தான், குளிர்ந்திருந்தது. வீரப்பன் கண் திறந்து சிரித்தான்.

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே. நீதான் எலும்பாப் போயிட்டே. என் பங்கையும் நீதானே தூக்கறே?"

"நான் தூக்கலடா. ஆள் போட்டிருக்கேன்," என்றான் சொக்கன். சந்தோஷத்தில் உளறினான். பொம்மையைக் காட்டினான், அமீர் அலி சொன்னதையெல்லாம் சொன்னான். வீரப்பன் குழந்தையைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தான். மற்ற பொம்மை பாய்க்கு அடியில் கிடந்தது.

இரண்டாம் நாள் கஞ்சி வேண்டாம் என்றான் வீரப்பன். மூன்றாம் நாள் தண்ணீரும் வேண்டாம் என்றான்.

கொட்டடியில் மழைக்காலத்தில் காய்ந்தது என்று ஒரு பொருள் கிடையாது. சுவரில் பாசி, செருப்பில் பூஞ்சை, கட்டிய வேட்டி கட்டியபடியே நாறும். அடுத்த அறைப் பர்மாக்காரி ஙப்பி மீன்விழுதைப் பானை திறந்தால் அந்த வாடை மூன்று நாள் ஈரத்தோடு சுவரில் தங்கும். ஆனால் வீரப்பனின் பாயைச் சுற்றி முழ அகலத்துக்குத் தரை காய்ந்து வெடித்திருந்தது. அந்த இடத்தில் மீன் வாடை இல்லை, சாக்கு வாடை இல்லை, நோயாளி வாடைகூட இல்லை. வண்ணான் துறையில் உவர்மண்ணைக் கொட்டிவைத்தால் வருமே ஒரு காரம், அதுவும் அடியில் லேசாகக் குங்கிலியமும்தான் இருந்தது. காய்ச்சலுக்காகச் சொக்கன் பழைய வேட்டியைக் கிழித்து நனைத்துக் கை கால் மார்பெல்லாம் சுற்றியிருந்தான். அதைப் பிரிக்கப் பார்த்தான். வரவில்லை. துணி எங்கே முடிகிறது, தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

"வலிக்குதாடா?"

"இல்லண்ணே. எதுவுமே வலிக்கல," என்றான் வீரப்பன். பேசியபோது உதட்டோரத்திலிருந்து மணல் உதிர்ந்தது.

ஒவ்வொரு விடியலிலும் மேஸ்திரி கூப்பிட்டார். ஒவ்வொரு விடியலிலும் அந்தக் குரல் முந்திக்கொண்டது. நாளுக்கு நாள் அது தெளிந்து திடமாக ஆனது. தம்பியின் குரல்தான் நாளுக்கு நாள் காய்ந்த நெற்றை உலுக்குவதுபோல் ஆகிக்கொண்டு வந்தது.

ஐந்தாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொக்கன் விஞ்சுக் கூண்டுக்குள் ஏறினான்.

"பாய், அந்தப் பொம்மை... போதும்னு சொன்னா போயிருமா?"

அமீர் அலி சோற்றுக் கையோடு நிமிர்ந்தான். "எந்தப் பொம்மை?"

சொக்கன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். அமீர் அலி தட்டைக் கீழே வைத்தான்.

"எங்கே எழுதினே? வளையத்துக்குள்ளயா?"

"ஆமா."

"யா அல்லா! அட மடப்பயலே, அதுக்குள்ளே எழுதறது செத்தவன் பேரைடா. உசுரோட இருக்கிறவனுக்கு அது குரல் குடுக்காது. குடுக்குதுன்னா..." அமீர் அலி ஆற்றைப் பார்த்தான். தொலைவில் ஆற்றுக்கு அப்பால் சிரியம் ஊர் எண்ணெய்க் கிடங்குப் புகைபோக்கிகள் மழையில் கரைந்து நின்றன.

"அழிச்சிடறேன் பாய். இப்பவே போய்ச் சுரண்டி எடுத்துடறேன்."

"தொடாதே!" அமீர் அலி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "அந்த ஊர்ல ஒரு ராஜாவுக்கு இன்னொரு ராஜா மேல தீராத பகைன்னா என்ன செய்வான் தெரியுமா? அவன் பேர் இருக்கிற கல்லையெல்லாம் தேடிப் பிடிச்சு உளியால செதுக்கிருவான். பேர் போச்சுன்னா இங்கேயும் இல்ல, அங்கேயும் இல்ல. நானே பார்த்தேன் சொக்கா. மூஞ்சி இருந்த இடம் வழவழன்னு இருக்கும். உள்ளங்கை மாதிரி."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

அமீர் அலி விஞ்சைத் திருப்பினான். சங்கிலி கிறீச்சிட்டுக்கொண்டு இறங்கியது. அதன்பிறகு சொக்கனின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

வேலை விட்டதும் சொக்கன் கொட்டடிக்கு ஓடினான். கதவைத் திறந்ததும் காரமும் குங்கிலியமும் முகத்தில் அடித்தன. வீரப்பன் மல்லாந்து கிடந்தான். கைகள் மார்பில் குறுக்கே மடங்கியிருந்தன. அவன் மடக்கியதா, தானாக மடங்கியதா, தெரியவில்லை. கண்ணைத் திருப்ப அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

"அண்ணே," என்றான். "உன் பாரத்தையும் எறக்கிட்டேன்."

"என்னடா சொல்றே?"

மடங்கிய கைக்குள் இருந்தது மற்ற பொம்மை. விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தித்தான் சொக்கனால் அதை எடுக்க முடிந்தது. அந்த விரல்கள் நிமிரும்போது சுள்ளி முறிவதுபோலச் சத்தம் கேட்டது. பொம்மையின் வயிற்றில், வளையத்துக்குள், இன்னும் பொடி உதிராத கீறலில், கோணலும் மாணலுமாக ஒரே ஒரு வார்த்தை.

சொக்கன்.

வீரப்பனுக்கு எழுத்துத் தெரியாது. அந்த ஒரு வார்த்தை மட்டும் தெரியும். ஊரிலிருந்து கப்பல் ஏறியபோது, இறங்கியதும் யாரிடமாவது காட்டு என்று சொக்கன் தன் பேரை எழுதி ஒரு காகிதம் அனுப்பியிருந்தான். கடலில் அத்தனை நாளும் வாந்தி எடுத்துக்கொண்டே அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு வந்தவன் அவன். பார்த்துப் பார்த்துக் கைக்கு அந்த வார்த்தை பழகிவிட்டது. வந்த புதிதில் சேற்றில், சுவரில், மூட்டையில், எங்கே பார்த்தாலும் அதைக் கிறுக்கிவிட்டு அண்ணனிடம் காட்டிச் சிரிப்பான்.

இப்போதும் சிரிக்கத்தான் பார்த்தான். "நீ தனியாக் கஷ்டப்படறியேண்ணே. இனிமே நீயும் படுத்துக்கலாம்."

சொக்கன் கோணூசியைத் தேடி எடுத்தான். தன் பேர் பொம்மையைக் கீழே வைத்தான். தம்பி பேர் பொம்மையைத் தலைமாட்டிலிருந்து எடுத்தான். அமீர் அலி சொன்னது காதிலேயே இருந்தது. ஆனால் சொன்னவன் அங்கே கூடை சுமந்த ஆள்தானே? அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடுமா? முதல் எழுத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம். ஒரே ஓர் எழுத்து. அதனால் என்ன ஆகிவிடும்.

ஊசியை வைத்து இழுத்தான். கீச்சென்றது. நீலப் பொடி உதிர்ந்தது.

வீரப்பன் "அண்" என்றான்.

அதோடு நின்றுவிட்டது.

சொக்கன் திரும்பினான். தம்பியின் கண்கள் விரிந்திருந்தன. மூக்கு இருந்தது. மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஈரக் கையால் சிலேட்டைத் துடைத்ததுபோல, வாய் இருந்த இடம் வழவழவென்று, உள்ளங்கை மாதிரி. அந்த வழவழப்புக்கு அடியில் ஏதோ ஒன்று திறக்கப் பார்த்தது. திறக்க இடம் இல்லாமல் தாடை மட்டும் அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது.

கோணூசி கையிலிருந்து விழுந்தது.

அதற்குப் பிறகு சொக்கன் எதையும் அழிக்கவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். தம்பியின் கண்கள் அவனையே பார்த்தன, அவன் அவற்றைப் பார்க்காமல் இருந்தான். ஒரே ஒரு யோசனைதான் மிச்சம் இருந்தது. காலையில் தன் பேரைக் கூப்பிடும்போது அதற்கு முன்னால் குரல் கொடுத்துவிட வேண்டும். முந்திக்கொண்டால் பேர் தன்னிடம் இருக்கும். பேர் இருந்தால் கை இருக்கும், கால் இருக்கும், தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்காவது, ஏதாவது ஒரு பொங்கித் துறவியின் மடத்துக்கோ பள்ளிவாசலுக்கோ, யார் கதவையாவது தட்டலாம். ஒரு வார்த்தைதானே. இருக்கேன். அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். இருக்கேன். இருக்கேன். சொல்லச் சொல்ல நாக்கு வறண்டது. தண்ணீர் குடித்தான். குடித்தது எங்கே போனது என்று தெரியவில்லை.

பேர் கூப்பிடுகிற நேரம் வந்தது. மழை. அரிக்கேன் விளக்கு. புத்தகம்.

"செல்லக்கண்ணு."

"இருக்கேன்."

"வீரப்பன்."

காலி இடத்திலிருந்து மூடிய வாய்க்குள் முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"வாயில என்னடா கொழுக்கட்டையா?" என்றார் மேஸ்திரி. தலை நிமிரவில்லை. கோடு போட்டார்.

சொக்கன் மூச்சை இழுத்து நிறுத்தினான். உதட்டைப் பிரித்து வைத்துக்கொண்டான். மேஸ்திரியின் வாயைப் பார்த்தான். அந்த வாய் குவிந்தது. சொ என்று வரும். இதோ.

"சொ..."

"இருக்கேன்."

அவன் சொல்லவில்லை.

அவனுடைய குரல்தான். அவனுடைய தொண்டைக் கமறலோடு, வார்த்தையின் கடைசியில் அவன் போடுகிற அந்தச் சின்ன இருமலோடு. அவன் நின்ற இடத்திலேயே, அவனுக்கு அரையடி முன்னால்.

மேஸ்திரி கோடு போட்டார். வரிசை கலைந்தது.

செல்லக்கண்ணே, என்று கூப்பிட்டான். கூப்பிட்டதாக நினைத்தான். பல்லுக்கு நடுவில் மணல் நறநறத்தது. செல்லக்கண்ணு அவனை நேராகப் பார்த்துக்கொண்டே வந்தான், ஒரு கம்பத்தைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிக்கொண்டு போனான். போகிற போக்கில் பக்கத்தில் யாரிடமோ, "என்ன சொக்கா, ஒரு நாளும் இல்லாம இன்னிக்கு இவ்வளவு விறைப்பா நடக்கறே?" என்றான். சிரித்தான்.

மழை சொக்கன்மேல் விழுந்தது. நனையவில்லை.

கையைத் தூக்கப் பார்த்தான். தூக்கிக்கொண்டது. ஆனால் அவன் நினைத்த பக்கம் போகவில்லை. வலது கை இடது தோளுக்கு. இடது கை வலது தோளுக்கு. இறுகியது.

மேஸ்திரி புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விளக்கோடு எழுந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் சொக்கனை நிமிர்ந்து பார்த்தார். விளக்கை உயர்த்தி, மேலும் கீழும் பார்த்தார்.

"வழியில எவன்டா இந்தக் கட்டையை நட்டு வெச்சது? துரை பெட்டி பொளந்து கெடக்கில்ல, அதுல விழுந்ததாத்தான் இருக்கும். யாராச்சும் ரெண்டு பேர் தூக்கிப் போட்டு மூடுங்கடா."

இரண்டு பேர் வந்தார்கள்.

ஒருவன் கால் பக்கம் பிடித்தான். ஒருவன் தலைப் பக்கம். தூக்கிய கைகள் குளிர்ந்து வழவழவென்று, பீங்கான் போல இருந்தன. அவர்கள் ஒரே அடி வைத்து, ஒரே சீராக, கிட்டங்கிக்குள் நடந்தார்கள். கூரை ஓட்டை வழியே வந்த வெளிச்சத்தில் கால் பக்கம் பிடித்தவனின் முகம் தெரிந்தது. மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை.

பெட்டிக்குள் வைக்கோலில் ஏற்கெனவே ஒன்று கிடந்தது. வேட்டிக் கிழிசலில் சுற்றியது. அதன் கண்கள் திறந்திருந்தன. சொக்கனை அதன் பக்கத்தில், தோளோடு தோளாக, அண்ணன் தம்பி ஒரே பாயில் படுப்பதுபோல இறக்கினார்கள்.

மூடியைத் தூக்க, தலைப் பக்கம் பிடித்தவன் குனிந்தான். புருவத்தில், துறைப் பலகை கிழித்த சொக்கனின் அதே பழைய தழும்பு. முன்பல்லில் ஓட்டை. இடது காதில் ஊர்க் கம்மல் துளை. வெளியே துறையில் மேஸ்திரி "சொக்கன்!" என்று கத்தினார், அந்த வாய் மூடியைப் பிடித்தபடியே "இருக்கேன்" என்றது. இரண்டு ஆள் பாரத்தைச் சுமந்து வந்திருந்தவனின் நெற்றியில், சொக்கனின் முகத்துக்கு நேர் மேலே, ஒரு சொட்டு வியர்வை இல்லை.